லினக்ஸில் யூஎஸ்பி சாதனம் மக்கர் செய்கிறதா? முதலில் பவரைப் பாருங்கள்

வெப்கேமைச் செருகினால், மாட்டிய யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் பட்டியலில் பெயர் வருகிறது, படம் மட்டும் வரவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் பாதி காப்பியில் காணாமல் போகிறது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்த சீரியல் அடாப்டர் அப்புறம் வாயே திறப்பதில்லை. மூன்றிலும் டிரைவர் மேல்தான் முதலில் சந்தேகம் போகும், ஆனால் மூன்றுக்கும் பின்னால் பவர் இருக்கலாம். அதுவும் மூன்று வெவ்வேறு விதமாக. எது என்று பிரிக்காமல் இணையத்தில் கிடைத்த ஒரு வரியை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பூட் வரியில் ஒட்டிவிட்டு உட்காராதீர்கள்.

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை ஓடவிட்டுச் சாதனத்தைக் கழற்றி மாட்டுங்கள். "ரிஜெக்டட் 1 கான்ஃபிகரேஷன் டியூ டு இன்சஃபிஷியன்ட் அவைலபிள் பஸ் பவர்" என்று வந்தால் அது முதல் வகை, வெறும் கணக்குத் தகராறு. ஒவ்வொரு சாதனமும் தனக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று தன் டிஸ்கிரிப்டரில் (தன்னைப் பற்றிய விவரக் குறிப்பில்) எழுதி வைத்திருக்கும், அந்தப் புலத்தின் பெயர் பிமேக்ஸ்பவர். யூஎஸ்பி 2-இல் அதன் அலகு 2 மில்லிஆம்பியர், எனவே 250 என்று இருந்தால் 500 மில்லிஆம்பியர். சூப்பர்ஸ்பீடில் (யூஎஸ்பி 3) அலகு 8 மில்லிஆம்பியர். கர்னல் எதையும் அளந்து பார்ப்பதில்லை, சாதனம் கேட்பதையும் போர்ட் தருவதாகச் சொல்வதையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2 ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் தரும். ஹப் உள்ளே வைத்த கீபோர்டுகள் பலவும் இந்த ரகம்தான். அதில் 500 கேட்கும் கேமராவைச் செருகினால் கர்னல் கான்ஃபிகரேஷனே (சாதனம் இயங்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்காது, அதனால் டிரைவர் பற்றிக்கொள்ளும் இன்டர்ஃபேஸ் உருவாகாது, சாதனம் கிடைத்ததும் ஓட வேண்டிய உங்கள் டிரைவரின் புரோப் அழைக்கப்படவே படாது. புரோபுக்குள் பிரின்ட்கே (கர்னல் பதிவில் செய்தி எழுதும் அழைப்பு) போட்டுத் தேடுவது வீண்.

உறுதிசெய்ய, சாதனங்களை மரவடிவில் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி -டி கொடுத்து சாதனம் எந்த ஹப்புக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ் கோப்புறையில் 1-1.2 மாதிரி ஒரு பெயரில் அந்தச் சாதனம் இருக்கும் (முதல் பஸ், அதன் முதல் போர்ட்டில் ஹப், அந்த ஹப்பின் இரண்டாவது போர்ட்). அங்கே பிகான்ஃபிகரேஷன்வேல்யூ கோப்பு காலியாக இருந்தால் நோய் இதுதான். ரூட்டாக அதில் 1 என்று எழுதினால் கர்னல் "எக்ஸீட்ஸ் பவர் லிமிட்" என்று ஒரு எச்சரிக்கையோடு விட்டுக்கொடுத்துவிடும். நிறைய சாதனங்கள் தேவைக்கு மேல் கேட்டு வைப்பவை என்பதால் சோதனைக்கு இது போதும். நிரந்தரத் தீர்வு என்றால் அடாப்டர் உள்ள ஹப்போ, நேரடி போர்ட்டோதான்.

இரண்டாவது வகையில் கணக்கு சரி, மின்சாரம்தான் போதவில்லை. "ஓவர்-கரன்ட் கன்டிஷன்", திரும்பத் திரும்ப டிஸ்கனெக்ட், பிழை -71 எல்லாம் இதன் அடையாளங்கள் (-71 மோசமான கேபிளாலும் வரும், அதனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்). ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். பை 5-இல் 5 ஆம்பியர் சப்ளை இல்லையென்றால் மொத்தமே 600 மில்லிஆம்பியர், இருந்தால் 1.6 ஆம்பியர். இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு டிரைவரைத் திட்டினால் அது என்ன செய்யும்?

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிடும்: ஆட்டோசஸ்பெண்ட். சாதனம் 2 விநாடி சும்மா இருந்தால் தூங்க வைப்பது கர்னலின் இயல்புநிலை, ஆனால் ஹப் தவிர்த்த பெரும்பாலான சாதனங்களுக்கு இது தானாக இயங்காது. பவர்டாப், டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவிகள்தான் வழக்கமாக அதை இயக்கிவிடுகின்றன. சாதனத்தின் பவர் கோப்புறையில் கன்ட்ரோல் கோப்பைத் திறந்து பாருங்கள். "ஆட்டோ" என்றிருந்தால் "ஆன்" என்று மாற்றுங்கள், பிரச்சினை நின்றால் குற்றவாளி அகப்பட்டான். அதன் பிறகு அந்த ஒரு சாதனத்தின் ஐடிக்கு மட்டும் யூடெவ் (சாதனம் மாட்டும்போது அமைப்புகளைப் போடும் சேவை) விதி எழுதுங்கள். யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அணைப்பது எனக்குப் பிடிக்காத வழி, மடிக்கணினியின் பேட்டரிதான் அதற்கு விலை கொடுக்கும்.

டிரைவர் நீங்களே எழுதியது என்றால் ஆட்டோசஸ்பெண்டை அணைத்துவிட்டுத் தப்பிக்கக் கூடாது. சப்போர்ட்ஸ்_ஆட்டோசஸ்பெண்ட் கொடியை 1 ஆக்கியிருந்தால், யுஆர்பி (சாதனத்துக்கான தரவுக் கோரிக்கை) அனுப்பும் முன் சாதனத்தை விழித்திருக்க வைக்கும் யூஎஸ்பி_ஆட்டோபிஎம்_கெட்_இன்டர்ஃபேஸ், வேலை முடிந்ததும் அதை விடுவிக்கும் புட், இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும். கெட் விட்டுப்போனால் தூங்கும் சாதனத்துக்கு அனுப்பிய யுஆர்பி -113 பிழையோடு திரும்பும்; புட் விட்டுப்போனால் சாதனம் தூங்கவே தூங்காது. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் சாதாரண கெட்டை அழைக்கக் கூடாது, அதற்குக் காத்திருக்காமல் திரும்பும் அசிங்க் வடிவம் இருக்கிறது. தூக்கத்தில் பவர் போய்த் திரும்பும் சாதனத்துக்கு ரீசெட்_ரெஸ்யூம் என்ற டிரைவர் செயல்கூறை எழுதுங்கள், இல்லாவிட்டால் கர்னல் டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டும், திறந்திருந்த இணைப்பெல்லாம் போகும்.

திருத்தியதும் கன்ட்ரோலை மறுபடி "ஆட்டோ" ஆக்கி, ஆட்டோசஸ்பெண்ட்_டிலே_எம்எஸ் கோப்பில் 100 எழுதி, சாதனத்தை விட்டு விட்டுப் பயன்படுத்தியபடி சாதனம் விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று காட்டும் ரன்டைம்_ஸ்டேட்டஸைக் கவனியுங்கள். பகலெல்லாம் காத்திருந்தால் ஒருமுறை வரும் பிழை இப்படிச் செய்தால் சீக்கிரமே தலைகாட்டும்.