வெற்றுத்தாளில் சோதிக்காதீர்கள்: லினக்ஸ் மாற்று மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸுக்கு மாற நினைத்து, எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸைத் திறந்து நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஓடுகிறது என்று விண்டோஸை அழித்துவிடுகிறவர்கள்தான் பிறகு முழிக்கிறார்கள். வெற்றுத்தாள் எந்த மென்பொருளிலும் அழகாகத்தான் இருக்கும். சோதிக்க வேண்டியது உங்கள் பழைய கோப்புகளை: 15% வாட் போட்ட இன்வாய்ஸ், வங்கி அறிக்கை, கோயில் கமிட்டியின் காவடி நோட்டீஸ். லிப்ரே ஆபிஸ், படம் திருத்தும் கிம்ப், வரைகலைக்கான இங்க்ஸ்கேப், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் நான்குமே விண்டோஸிலும் ஓடும். சில வாரம் அங்கேயே பழகிவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள்.

டர்பனிலும் ஜோகனஸ்பர்க்கிலும் அதிகம் கவனிக்கப்படாத வில்லங்கம் தசமக் குறி. 'இங்கிலீஷ் (சவுத் ஆப்பிரிக்கா)' என்ற மொழி அமைப்பில் லிப்ரே ஆபிஸின் கணக்குத்தாளான கால்க் தசமத்துக்குக் காற்புள்ளியை எதிர்பார்க்கும். வங்கியிலிருந்து இறக்கும் சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான அட்டவணை) கோப்பில் தொகை 1250.75 என்று புள்ளியோடு இருந்தால், அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். கூட்டினால் 0 வரும். 0 வந்தால் தப்பித்தீர்கள், உடனே தெரிந்துவிடும். சென்ட் இல்லாத முழுத்தொகைகளும் கலந்திருந்தால் அவை மட்டும் கூடி, நம்பும்படியான ஒரு தப்புத்தொகை வரும், அதுதான் ஆபத்து. கோப்பைத் திறக்கும்போது வரும் இம்போர்ட் சாளரத்தில் மொழியை 'இங்கிலீஷ் (யூஎஸ்ஏ)' என்று மாற்றிவிட்டு ஓகே கொடுங்கள். பிறகு கன்ட்ரோல்+எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலத்திலும் எழுத்து கறுப்பிலும் சூத்திரங்கள் பச்சையிலும் தெரியும். தொகைப் பத்தியில் கறுப்பு இருக்கக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. காலிப்ரி, கேம்ப்ரியா இல்லாத கணினியில் பக்கங்கள் நகரும். அதே அகல அளவுள்ள கார்லிட்டோவையும் கலடியாவையும் நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. லதாவில் அடித்த ஒருபக்க நோட்டீஸ் வேறு எழுத்துருவில் இரண்டாம் பக்கத்துக்கு வழியலாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை இன்னும் மோசம்: யூனிகோடு இல்லாததால் எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் அனுப்புங்கள்.

கிம்ப்பில் கன்ட்ரோல்+எஸ் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். இதைப் பழுது என்று நினைத்துக் கைவிட்டவர்கள் உண்டு.

பாஸ்டல் என்ற விண்டோஸ் கணக்கு மென்பொருளில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். லினக்ஸில் ஓடும் கணக்கு மென்பொருளான குனூகேஷ் அந்தக் கோப்பைத் திறக்காது. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் கணக்காண்டு முடியும்போது இறுதி இருப்புகளைத் தொடக்க இருப்புகளாகக் கையால் ஏற்றுங்கள். ஆண்டு நடுவே வேண்டாம்.

டேட்டா விலையையும் மறக்காதீர்கள். லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஒரு வழியான ஃபிளாட்பேக்கில் முதல் மென்பொருளோடு அது ஓடத் தேவையான ரன்டைமும் இறங்கும், பல நூறு எம்பி. உபுண்டு லினக்ஸின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவினால் பெரும்பாலும் குறைவாகவே இறங்கும்.

விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவுவதானால், டிஸ்க் பகிர்வின் (பார்ட்டிஷன்) அளவை மாற்றும் நடுவில் கரண்ட் போனால் தரவும் போகலாம். மின்வெட்டு அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். அதற்கு முன் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணை எழுதிவைத்து, விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.