கூடைப்பந்து அட்டைகளில் பணம் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்
2021 ஜனவரியில், கூடைப்பந்து வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளுள், ஃபிளீர் நிறுவனம் 1986-87 பருவத்துக்கு வெளியிட்ட மைக்கேல் ஜோர்டான் அட்டைகள் இரண்டு, அமெரிக்க ஏலம் ஒன்றில் தலா 7,38,000 டாலருக்கு விலைபோயின. இரண்டுமே, அட்டைகளின் நிலையை ஆராய்ந்து தர எண் வழங்கும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் உச்சத் தரமான 10 பெற்றவை. அந்தச் செய்தியை நம்பி அதே அட்டையைத் தேடி ஓடியவர்கள், சில மாதங்களுக்குள் அதன் விலை பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்க்க நேர்ந்தது. அட்டையில் குறையேதும் இல்லை. அதே தரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் உலகில் இருந்ததையும், பெருந்தொற்றுக் காலத்துப் பணம் சந்தைக்குள் திடீரெனப் புகுந்திருந்ததையும் அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. ஒரே ஒரு விற்பனையை விலை என்று கொள்வது தவறு. ஈபே தளத்தில் விற்பவர் கேட்கும் தொகையை விலை என்று கொள்வது அதைவிடப் பெரிய தவறு. விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது.

பழைய அட்டை என்றால் அரிய அட்டை என்று எண்ணுவோர் பலர். 1990-களின் தொடக்கத்தில் நிறுவனங்கள் அளவின்றி அச்சடித்துத் தள்ளியதால், அக்காலத்து அட்டைகள் பெட்டி பெட்டியாக இன்றும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. 1990-91 ஹூப்ஸ் தொகுப்பில் மார்க் ஜாக்சனின் அட்டை மட்டும் திடீரெனத் தேடப்பட்டதற்குக் காரணம் அவருடைய ஆட்டமன்று. பெற்றோரைக் கொன்ற மெனெண்டஸ் சகோதரர்கள் பின்னணியில் பார்வையாளர்களாக அமர்ந்திருப்பதைப் பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்ததுதான்.

புதுமுக வீரர்கள் மீதான மோகம் இன்னும் ஆபத்தானது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் 2013-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஆந்தனி பென்னட் நான்கு பருவங்களுக்குள் அந்த லீகை விட்டே வெளியேறினார். பதினைந்தாவதாக எடுக்கப்பட்ட யானிஸ் அன்டெட்டோகும்போ பின்னாளில் சாம்பியன் பட்டமே வென்றார். 2019-இல் முதலிடத்தில் வந்த சையன் வில்லியம்சனின், பிரிஸம் என்ற தொகுப்பில் வந்த அட்டைகளைக் கொத்தாக வாங்கிச் சேர்த்தவர்கள், காயத்தால் அவர் 2021-22 பருவம் முழுவதும் ஆடாதபோது, உச்சத் தரத்திலேயே ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் அட்டையை யார் வாங்குவார்கள் என்ற கேள்வியை எதிர்கொண்டார்கள்.

அதிகம் போலியாக்கப்படும் அட்டைகளுள் மேற்சொன்ன ஜோர்டான் அட்டையும் ஒன்று என்பதால், தரமதிப்பீடு செய்யப்படாத பிரதியைப் புகைப்படம் பார்த்து வாங்கவே கூடாது என்பது என் கருத்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால், அசல் அட்டையின் படப்பகுதி நுண்புள்ளிகளாகவும் கறுப்பு எழுத்துகள் உடையாத மையாகவும் தெரியும்; ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். தேய்ந்த ஓரத்தை மறைப்பதற்காக மயிரிழை அளவு வெட்டப்பட்ட அட்டைகளும் உலவுவதால், இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்ற அளவைச் சரிபார்க்க வேண்டும். மதிப்பிட்ட அட்டையை உள்ளே வைத்து மூடித் தரும் தரமதிப்பீட்டு உறையையே போலியாகச் செய்வோரும் உள்ளனர். எனவே, உறையிலுள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே காட்டப்படும் அட்டையோடு கையிலுள்ளதை ஒப்பிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கையில் கிடைத்த ஒவ்வோர் அட்டையையும் மதிப்பீட்டுக்கு அனுப்புவதும் வீண். சாதாரண அட்டைக்கு அதன் விலையைவிடக் கட்டணமே மிகுதி. மேலும், குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ 2021 மார்ச்சில் குறைந்த கட்டணச் சேவைகளை நிறுத்திவைத்தபோது, அதற்கு முன்பே அனுப்பிவிட்டுக் காத்திருந்த பலருக்கு அட்டை திரும்பி வருவதற்குள் சந்தை இறங்கியிருந்தது.

சீருடைத் துணித்துண்டு பதித்த அட்டையை வாங்குவோர் அதன் பின்புறத்தைப் படிப்பதே இல்லை. வீரர் ஆட்டத்தில் அணிந்த துணி என்பதும், புகைப்படத்துக்காகச் சில நிமிடம் அணிந்த துணி என்பதும் வேறு வேறு. பல அட்டைகளில், துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தோடும் தொடர்பற்றது என்று சிறிய எழுத்தில் அங்கேயே அச்சிட்டிருக்கும். கையொப்பத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு: அட்டையின் மீதே நேரடியாக இட்ட கையொப்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, தாள் தாளாகக் கையொப்பம் வாங்கிப் பின்னர் ஒட்டப்படும் ஸ்டிக்கருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.