புது பிரேக், பஞ்சு பெடல்: ஏர் எடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பெரிய டிஸ்க், அதைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிப்பர் எல்லாம் மாட்டி முடித்துக் காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. உடனே இன்னொரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி மறுபடியும் ஏர் எடுப்பதுதான் (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான்) பெரும்பாலும் நடக்கும் முதல் தவறு. பெடல் எப்படி அமுங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

அழுத்தி அப்படியே பிடித்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது, இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. ஏர் எடுத்து இது சரியாகாது. நாலைந்து முறை மிதித்ததும் உயர்ந்து, ஆனாலும் ஸ்பிரிங் போலத் துள்ளினால் காற்று. உயர்ந்து கெட்டியாகவும் ஆகிவிட்டால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி அதிகம். பின்புற டிரம் அட்ஜஸ்ட்மென்ட், வீல் பேரிங் ஆட்டம் இரண்டையும் பாருங்கள்.

காற்றுதான் என்றால், அதை வெளியே விடும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். இடது காலிப்பரை வலப்பக்கம் மாட்டினாலும் பல வண்டிகளில் போல்ட் அழகாக உட்கார்ந்துவிடும். நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். ஹோஸ் கழற்றியிருந்தபோது ஆயில் டப்பா காலியாகியிருந்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும்) யூனிட்டுக்குள்ளும் காற்று புகுந்திருக்கலாம். பல வண்டிகளில் ஸ்கேனரால் அதன் வால்வுகளை இயக்கினால்தான் அது வெளியே வரும்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும், அதில் உரசி சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

எத்தனை முறை மிதித்தாலும் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் ஆழத்தில்தான் பிடிக்கிறது என்றால் அது கணக்குப் பிரச்சினை. புது காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடிவிட்டது, அதைத் தள்ளப் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. சரி, மாஸ்டர் சிலிண்டரையும் பெரியதாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். 22 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 25க்குப் போனால் பரப்பு சுமார் 29 சதவீதம் கூடும். பெடல் மேலே வரும், ஆனால் அதே பிரேக் பிடிக்கக் காலும் அதே அளவு அதிகமாக அழுத்த வேண்டும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்து மாற்றிவிட்டுக் கால் வலிப்பவர்கள் உண்டு. பழைய காலிப்பருக்கும் புதியதற்கும் பிஸ்டன் பரப்பை ஒப்பிட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆயில் பாட்டிலில் உள்ள டாட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். டாட் 5.1 டாட் 4 வகையைச் சேர்ந்தது. டாட் 5 சிலிக்கான், அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

அப்புறம் இன்னொரு தவறு, என்ஜின் ஓடும்போது மட்டும் பெடலைச் சோதிப்பது. என்ஜினை அணைத்துப் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கும். அது காலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரின் வேலை, கோளாறு அல்ல.