வெளிநாட்டில் இருந்தபடியே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர்களில் பலர், ஊரில் தமக்கு வாக்குரிமை இல்லை என்றே இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் வழக்கமாகக் குடியிருப்பவர்களே பொதுவாகப் பட்டியலில் இடம்பெற முடியும் என்றிருந்த காலத்தில் அது உண்மைதான். 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ, அந்தத் தொகுதியின் வாக்காளராகவே நாம் பதிந்துகொள்ளலாம்.

முதலில் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிறைந்த இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றிருக்கக் கூடாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்கள் வாக்களிக்க முடியாது.

அடுத்து, கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அதில் அச்சாகியிருக்கும் முகவரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விற்றுவிட்ட வீடோ, காலி செய்துவிட்ட வாடகை வீடோ அதில் இருந்தால், பின்னால் வரும் சரிபார்ப்பில் சிக்கல் எழும். ஆகவே அதைத் திருத்திக்கொண்டு தொடங்குவதே நல்லது.

இனி விண்ணப்பம். இதற்குரியது படிவம் 6ஏ. உள்ளூர்வாசிகளுக்கான படிவம் 6ஐத் தவறுதலாக நிரப்பிவிட வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் இதை நிரப்பலாம், அல்லது தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அண்மையில் எடுத்த வண்ணப் புகைப்படம், படமும் முகவரியும் உள்ள கடவுச்சீட்டுப் பக்கங்கள், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்களை, உங்கள் கையொப்பத்துடன் இணைக்க வேண்டும். உள்ளூர் வாக்காளராகப் பெற்ற அடையாள அட்டை ஏற்கெனவே இருந்தால் அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருக்கக் கூடாது; அதற்காகப் பொய்யான உறுதிமொழி தருவது சட்டப்படி குற்றம்.

பலருடைய விண்ணப்பம் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். வாக்குச்சாவடி நிலை அலுவலர் கடவுச்சீட்டில் உள்ள வீட்டுக்கே வந்து, உறவினரிடம் விசாரிப்பார். நான் விண்ணப்பித்தபோது வீட்டில் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அலுவலர் வந்து கேட்டதும் என் அம்மா, "அவன் இங்கே இல்லைங்க, வெளிநாட்டுல இருக்கான்" என்று உள்ளதைச் சொல்லி அனுப்பிவிட்டார். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மறுபடி தொடர்புகொண்டு, நகல்களை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவிடம் விளக்கிச் சொல்லிய பிறகே பெயர் ஏறியது. எனவே விண்ணப்பம் அனுப்பும் அன்றே வீட்டாருக்குச் சொல்லி, கடவுச்சீட்டு நகல் ஒன்றையும் அவர்களிடம் கொடுத்து வையுங்கள். உறுதி சொல்ல உறவினர் எவரும் இல்லையென்றால், ஆவணங்கள் நீங்கள் வாழும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்காக அனுப்பப்படும்.

பெயர் சேர்ந்தபின், வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கென உள்ள தனிப் பகுதியில் அதைக் காணலாம். இவர்களுக்கு வாக்காளர் அடையாள அட்டை தரப்படுவதில்லை. வாக்குச்சாவடியில் அசல் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும். ஆம், நேரில்தான் வர வேண்டும். பிரதிநிதி ஒருவர் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியும், அந்த அவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில், பதிவு செய்திருந்த ஏறத்தாழ 1.19 லட்சம் பேரில் மூவாயிரத்துக்கும் குறைவானவர்களே வந்து வாக்களித்தார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விமானச் செலவும் விடுப்பும் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. ஆனாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான், விடுமுறையும் தேர்தலும் ஒன்றாக அமையும் ஆண்டில் வாக்களிக்க முடியும்.

வர இயலாத ஆண்டுகளிலும் செய்வதற்கு வேலை உண்டு. உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஆணையத்தின் தளத்தில் படித்து, சொத்து விவரங்களையும் வழக்கு விவரங்களையும் வீட்டாரோடு பேசுங்கள். மத்திய அரசுத் துறைகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இணையவழியே கேள்வி கேட்கலாம். வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் கட்டணம் செலுத்துவதற்கென இணையத்தில் வாங்கும் மின்னணு அஞ்சல் ஆணை வசதி 2013இல் தொடங்கப்பட்டது. அரசியல் கூட்டங்களுக்குத் தடையுள்ள நாடுகளில் வாழ்பவர்கள், அந்நாட்டுச் சட்டத்தை மீறிக் கூட்டம் எதையும் நடத்த வேண்டாம்.

நிரந்தரமாக ஊர் திரும்பினால், பதிவு அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு, படிவம் 6ஐ நிரப்பி உள்ளூர் வாக்காளராக மாறிக்கொள்ளுங்கள்.