கோப்பு அனுப்பும்போது இணைய நிறுவனம் எதைப் பார்க்கிறது, அதை மறைப்பது எப்படி

நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுத்தாக்குவது என் வேலை. பேசுகிறவர்கள் என்னை நம்பித்தான் வாய் திறக்கிறார்கள். அந்த ஒலிப்பதிவுகளை நெடுநாள் எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை வழியாகவே சக ஊழியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள், கணினிக்குள் வந்துபோகும் இணையப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளை ஓடவிட்டுக்கொண்டு ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தேன். யூசர் நேம், பாஸ்வேர்ட், கோப்பின் பெயர் எல்லாம் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தன. கோப்புக்கு நான் வைத்திருந்த பெயர், பேசியவரின் முழுப்பெயர். என் கணினியில் எனக்குத் தெரிந்தது, வழியில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கும் தெரியும். அதுவரை அப்படி அனுப்பியவை எழுபதுக்கு மேல்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். வயர்ஷார்க் இலவசம். உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, வழக்கம்போல ஒரு கோப்பை அனுப்புங்கள். மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் எஃப்டிபி என்றோ பிட்டொரண்ட் (பலர் தங்களுக்குள் கோப்புகளைத் துண்டு துண்டாகப் பகிரும் முறை, சுருக்கமாக டொரண்ட்) என்றோ ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்தால் அந்தப் போக்குவரத்து மட்டும் திரையில் தெரியும். எது வெளியே தெரிகிறது என்று கண்ணால் பார்த்தபிறகு மறைக்கும் வேலையில் இறங்கலாம்.

மறைக்க வேண்டியவை மூன்று: கோப்பில் என்ன இருக்கிறது, எந்த முறையில் போகிறது, யாருக்குப் போகிறது. ஒரே பூட்டு மூன்றையும் பூட்டாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

இருவருக்குள் நடக்கும் பரிமாற்றம் என்றால் வேலை சுலபம். எஃப்டிபியை விட்டு, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள். அதற்கு முன் கோப்பையே பூட்டிவிடுங்கள். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, பாஸ்வேர்ட் கொடுத்து, ‘கோப்புப் பெயர்களையும் என்க்ரிப்ட் செய்’ (அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டு) என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். சாதாரண ஜிப் வடிவத்தில் அந்த வசதி இல்லை; உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும் பெயர்ப் பட்டியலை யாரும் படிக்கலாம். பூட்டிய பொட்டலத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெயர் வையுங்கள். பாஸ்வேர்டைக் கோப்பு போகும் வழியிலேயே அனுப்பாதீர்கள். நான் தொலைபேசியில் ஆறு சொற்களாகச் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே அனுப்புவேன். யாருக்கு அனுப்புகிறேன் என்பதே தெரியக்கூடாத சமயத்தில் ஆனியன்ஷேர் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருள் உண்டு. பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு அனுப்புபவரையும் பெறுபவரையும் மறைக்கும் டோர் வலை வழியாகப் போவதால் இணைய நிறுவனத்துக்கு நான் டோர் பயன்படுத்துவது மட்டும் தெரியும். வேகம் குறைவு. பேசியவரின் பாதுகாப்புக்காக அந்தக் காத்திருப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

டொரண்ட் அப்படியல்ல. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களையும் (நிறுவுவதற்கான வட்டுக் கோப்புகள்) பதிப்புரிமை முடிந்த நூல்களின் ஸ்கேன்களையும் நான் டொரண்டில் பகிர்கிறேன். அதன் முதல் வணக்கமே காட்டிக்கொடுத்துவிடும்: 19 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு பைட், அடுத்து நெறிமுறையின் பெயர், சிறிது தள்ளி எந்த டொரண்ட் என்று சொல்லும் 20 பைட் அடையாளம். 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் இப்படிப்பட்ட இணைப்புகளுக்கு நடுவில் போலித் துண்டிப்புப் பாக்கெட்டுகளை நுழைத்துப் பகிர்வைத் தடுத்தது செய்தியாளர்களின் சோதனையில் வெளிப்பட்டது. 2008-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்து உத்தரவிட்டது.

இந்த வணக்கத்தை மறைக்கும் முறையை அசூரியஸ், மியூடொரண்ட் என்ற டொரண்ட் மென்பொருள்களின் உருவாக்குநர்கள் 2006-இலேயே கொண்டுவந்திருந்தார்கள். நான் பயன்படுத்தும் டொரண்ட் மென்பொருளான க்யூபிட்டொரண்டில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பிட்டொரண்ட் என்று போனால் என்க்ரிப்ஷன் மோட் இருக்கும். ‘அலவ்’ என்று இருப்பதை ‘ரெக்வயர்’ ஆக்குங்கள். இதை ஆதரிக்காத சில பீர்கள் (அதே டொரண்டைப் பகிரும் மற்றவர்கள்) கழன்றுபோவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இது போக்குவரத்தின் முகத்தை மறைக்கும் முகமூடி. ரகசியம் காக்கும் பூட்டு அல்ல. உள்ளே இருப்பது ஆர்சி4 என்ற பழைய குறியாக்கம். அதே டொரண்டில் உள்ள எவருக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். எந்த டொரண்ட் யாரிடம் இருக்கிறது என்று மற்ற கணினிகளிடமே கேட்கும் டிஎச்டி தேடல்கள் இந்த என்க்ரிப்ஷனுக்குள் வருவதில்லை. அவற்றில் அந்த 20 பைட் அடையாளம் யுடிபி என்ற அனுப்பும் முறையில் திறந்தபடியே போகும். எச்டிடிபிஎஸ் அல்லாத ட்ராக்கர்களும் (யார் யார் பகிர்கிறார்கள் என்று பட்டியல் தரும் சர்வர்கள்) அப்படித்தான்.

ஆகவே மூன்றையும் இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்க விபிஎன் வேண்டும்; அது உங்கள் போக்குவரத்தை எல்லாம் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும். வயர்கார்ட் என்ற விபிஎன் முறை போதும். அப்போது அவர்களுக்குத் தெரிவது ஒரே ஒரு சர்வரின் முகவரி, எவ்வளவு டேட்டா, எந்த நேரம் என்பவை. நம்பிக்கை வைக்கும் இடம் விபிஎன் நடத்துபவரிடம் மாறுகிறது என்பதை மறக்காதீர்கள். அவர்கள் எதைப் பதிவுசெய்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். சில நாடுகளில் விபிஎன்னுக்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. டொரண்டை டோர் வழியாக ஓட்டாதீர்கள். டொரண்ட் மென்பொருள் உங்கள் உண்மை முகவரியை அதன் வழியாகவே சொல்லிவிடக்கூடும், அந்த வலைக்கும் அது சுமை.

விபிஎன் போட்டால் மட்டும் போதாது, டொரண்ட் மென்பொருளை அதனோடு கட்டிப்போட வேண்டும். க்யூபிட்டொரண்டில் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் விபிஎன்னின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாத காலத்தில், நடு இரவில் விபிஎன் அறுந்தபோது பகிர்வு என் சொந்த முகவரியில் விடியும்வரை ஓடியது. ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதுவும் விபிஎன்னுக்குள் போகிறதா என்று பாருங்கள், போகவில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு ஐஎஸ்ஓவை இறக்கவிட்டு, பாதியில் விபிஎன்னை நீங்களே துண்டியுங்கள். வேகம் சுழியத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். வயர்ஷார்க்கில் வைஃபையைப் பிடித்துப் பார்த்தால் பிட்டொரண்ட் வடிகட்டியில் ஒரு வரியும் வரக்கூடாது; ‘ரெக்வயர்’ போட்டிருந்தால் வணக்கம் மறைந்திருக்கும், எனவே அப்போது வடிகட்டியை அல்ல, வேகத்தையே நம்புங்கள். வரி வந்தாலோ வேகம் இறங்காவிட்டாலோ இன்டர்ஃபேஸ் அமைப்பைத் திரும்பப் போய்ப் பாருங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன். ஐந்து நிமிடம் ஆகும்.