இரண்டு ஆணியும் கிணற்றுத் தண்ணீரும்: பள்ளிக்கூடத்துக்குப் போகும் பொறியியலாளருக்கு ஒரு செய்முறை

நான் முதன்முதலில் ஒரு வகுப்புக்கு உதவப் போனபோது ரோபோ ஒன்றைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வெளிக்கிட்டதும் ரோபோவும் என்னோடு வெளிக்கிட்டது. அடுத்த கிழமை ரீச்சர் பழையபடி கரும்பலகையில் படம் கீறிக்கொண்டிருந்தார். அதனால் கீழே உள்ள முறையில் பாடம் நடத்துவது ரீச்சர்தான், நீங்கள் கூடமாட நிற்பவர்.

படி 1: வெறுங்கையோடு போங்கள்

பாடப்புத்தகத்தை விரித்து, "இதில எதைப் படிப்பிக்கக் கஷ்டமாயிருக்கு, ரீச்சர்?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில், கரைசல்கள் மின்னைக் கடத்துவது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிணற்றை விட நல்ல உபகரணம் ஏது? மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீருக்கு மேலே மிதக்கிற நிலம் இது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஆகவே தண்ணீர் எவ்வளவு மின் கடத்துகிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் செய்யப்போகிறோம்.

படி 2: சாமான்கள்

ஒரு அர்டுயினோ ஊனோ (நாங்கள் எழுதும் நிரல்படி இயங்கும் சின்ன மின்னணுப் போர்டு), யூஎஸ்பி வயர், இணைப்பு வயர்கள், 1 கிலோ ஓம் தடையி, ஒரே அளவான இரண்டு ஆணி, ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தல் மூடி. ஆணிகளை மூடியில் 1 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுக் குத்துங்கள். இடைவெளியோ தாழும் ஆழமோ மாறினால் எண்ணும் மாறிவிடும். மூடி அதற்குத்தான்.

படி 3: இணைப்பு

போர்டில் 7 என்று எண் போட்ட துளையிலிருந்து (இதைத்தான் பின் 7 என்பார்கள்) ஒரு ஆணிக்கு. மற்ற ஆணியிலிருந்து, வோல்ற்றை வாசிக்கும் ஏ0 துளைக்கு. ஏ0விலிருந்து தடையி வழியாகத் தரைக்கு, அதாவது ஜிஎன்டிக்கு. அவ்வளவுதான்.

ஏன் நேரே 5 வோல்ற்றில் கொடுக்கவில்லை? ஒரே திசையில் மின் ஓடிக்கொண்டே இருந்தால் ஆணி அரிக்கும், எண்ணும் ஒரு இடத்தில் நிற்காமல் நகரும். ஆகவே நிரலில் பின் 7ஐ 5 வோல்ற்றுக்கு ஏற்றி, கொஞ்சம் பொறுத்து, ஏ0வை வாசித்து, உடனே 0வுக்கு இறக்கிவிடுங்கள். இரண்டு செக்கன் கழித்துத் திரும்பவும் அதே வேலை. திரையில் 0 முதல் 1023 வரை ஒரு எண் வரும். நன்றாகக் கடத்தினால் எண் கூடும்.

படி 4: ரீச்சரின் மேசையில் ஒத்திகை

இதைத் தவிர்க்கவே வேண்டாம். உங்கள் கையைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், வயரை ரீச்சரே குத்தட்டும். பள்ளிக்கூடக் கொம்பியூட்டரிலேயே செய்து பாருங்கள். மலிவான போர்டுகளில் பல, யூஎஸ்பி வழியாகக் கொம்பியூட்டரோடு பேசுவதற்கு சிஎச்340 என்ற சிப்போடு வரும், சில கொம்பியூட்டர்களில் அதற்கு டிரைவர் என்ற மென்பொருள் போடவேண்டும். எனக்கு ஒருமுறை டிரைவர் பென் டிரைவில் இருந்தது, கடவுச்சொல் லீவில் போன ஒருவரிடம் இருந்தது.

படி 5: வகுப்பு

முதல்நாளே பிள்ளைகளிடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை, ஊர்ப்பெயர் ஒட்டிய போத்தலில் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர் (அசிட் இல்லை, கவனம்), கடைசியில் உப்புக் கரைசல், நடுவில் கிணறுகள். ஆணியைத் தாழ்க்குமுன் எண்ணை ஊகித்து எழுதவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆணியைக் கழுவித் துடைக்கவேண்டும்.

எண் கூடினால் உப்பு என்று பிள்ளைகள் கத்துவார்கள். சரி, ஆனால் முழுதாக இல்லை. கரைந்த சுண்ணாம்பும் கடத்தும். இந்த எண்ணை வைத்துக் குடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லவும் விடாதீர்கள், அது ஆய்வுகூடத்து வேலை.

எங்கள் வகுப்பில் திடீரென்று எல்லாப் போத்தலுக்கும் 0 வந்தது. நான் நிரலைத் தேடிக்கொண்டிருந்தேன். ரீச்சர் ஏ0 வயரை ஒரு அழுத்து அழுத்தினார், எண் வந்தது.

சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆணிகளை மட்டும் காயவைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வகுப்புக்குத் துருத்தான் மிஞ்சும்.