இரண்டு கையும் கிட்டாரில்: மிக்சரைக் காலிடம் ஒப்படைப்பது எப்படி

நான் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவன். சில பாட்டுக்கு லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி), சில பாட்டுக்கு லேப்டாப்பில் பேக்கிங் ட்ராக் (முன்பே பதிந்த பின்னணி இசை). சவுண்ட் பார்க்க ஆள் கிடையாது, மிக்சர் என் காலடியில்தான் இருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் ரிவர்பை (குரலைச் சுற்றி வரும் அரங்க முழக்கம்) அடக்க வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும், டிலேயை (சற்றுத் தள்ளித் திரும்பி வரும் எதிரொலி) அடுத்த பாட்டின் வேகத்துக்கு மாற்ற வேண்டும், ட்ராக்கைத் திறந்துவிட வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் முதல் வரி மறந்துபோகும்.

மிக்சரைக் காலால் இயக்கப் பெடல் வாங்க ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முழு நிகழ்ச்சியையும் ஒரு தடவை வீட்டில் நடத்திப் பாருங்கள். மிக்சரைத் தொடும்போதெல்லாம் எதற்காகத் தொட்டீர்கள் என்று தாளில் ஒரு கோடு போடுங்கள். எனக்கு இருபத்துமூன்று கோடு விழுந்தது. அதில் பதினொன்று, பேசும்போது ரிவர்பை நிறுத்தவும் பாடும்போது திரும்பப் போடவும்தான்! பாதிப் பிரச்சினை ஒரே ஒரு மியூட் பட்டன்.

அதனால் முதலில் அதையே செய்யுங்கள். எஃபெக்டுகளை ஒரு மியூட் குரூப்பில் (ஒரே பட்டனில் பலவற்றைச் சேர்த்து ஒலியடைக்கும் தொகுதி) போட்டு, அந்தக் குரூப்பைக் கால் சுவிட்சுக்குக் கொடுங்கள். மியூட் செய்ய வேண்டியது எஃபெக்டுக்குள் போகும் செண்டை. எஃபெக்டிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்னைத் தொடக் கூடாது. ரிட்டர்னை அடைத்தால் கடைசி ஸ்வரத்தின் எதிரொலி கத்தரியால் வெட்டியதுபோல நிற்கும். செண்டை அடைத்தால் உள்ளே போனது தானாகத் தேய்ந்து அடங்கும், அதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிடலாம்.

அடுத்தது ஸ்னாப்ஷாட். மிக்சரின் அந்த நேரத்து நிலையை அப்படியே சேமித்து, பிறகு ஒரே தட்டில் திரும்பக் கொண்டுவருவது. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற சிறிய டிஜிட்டல் மிக்சரிலேயே 64 இடம் உண்டு. பாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் தாராளம். ஆனால் இந்த 'அப்படியே' என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

எல்லா ஸ்னாப்ஷாட்டையும் என் அறையில் உட்கார்ந்து சேமித்திருந்தேன். மேடையில் சவுண்ட் செக் செய்தபோது மைக் கெய்னை (மைக் ஒலியை மிக்சர் உள்வாங்கும் அளவு) கணிசமாகக் குறைத்தேன், மானிட்டர் (எனக்குக் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கர்) கத்திய இடத்தை ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டினேன். முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டுக்குப் பெடலை மிதித்தேன். சவுண்ட் செக்கில் திருத்தியதெல்லாம் ஒரு நொடியில் அழிந்து, மேடை என் படுக்கையறையாக மாறிவிட்டது. கெய்ன் பழைய இடத்துக்கு ஏறி, மானிட்டர் 'ஊய்ய்ங்' என்று அலறியது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதைத் தடுக்கத்தான் ஸ்கோப் அல்லது ரீகால் சேஃப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று அதில் சொல்லிவைக்கலாம். மைக் கெய்ன், 48 வோல்ட் ஃபான்டம் பவர் (சில மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்), சேனல் ஈக்யூ, மானிட்டர் செண்டுகள், மெயின் ஃபேடர் (மொத்த ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) எல்லாம் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். என் குரல் ஃபேடரையும் பூட்டிவைத்திருக்கிறேன். குரல் எவ்வளவு வேண்டும் என்பது அன்றைய அரங்கைப் பொறுத்தது, பாட்டைப் பொறுத்தது அல்ல. எஃபெக்டின் வகை, டிலே நேரம், எஃபெக்ட் செண்டுகள், லூப்பர் மற்றும் ட்ராக் சேனல்களின் மியூட், இவ்வளவு மட்டும் மாறினால் போதும்.

டிலே நேரத்தைக் கணக்குப் போட்டே சேமித்துவிடுங்கள், மேடையில் டாப் டெம்போ பட்டனைத் தட்டி வேகம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு பீட்டுக்கான மில்லிசெகண்ட். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்) என்றால் 625. முக்கால் பீட்டில் திரும்பி வரும் துள்ளல் டிலே வேண்டுமென்றால் 469.

சரி, பெடலை மிக்சரோடு எப்படிச் சேர்ப்பது? மிடி. இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் முறை. 1983-இல் வந்த சங்கதி, இன்றும் இதற்கு அதுவே போதும். பெடல் ஒரு புரோகிராம் சேஞ்ச் எண்ணை அனுப்பும், மிக்சர் அந்த எண்ணுள்ள ஸ்னாப்ஷாட்டை எடுக்கும். இதில் இரண்டு பொறி. ஒன்று, மிடி எண்ணுவது 0 முதல் 127 வரை, ஆனால் சில கருவிகள் திரையில் 1 முதல் 128 என்று காட்டும். மூன்றை மிதித்தால் நான்கு வருகிறதா? எதுவும் கெட்டுப்போகவில்லை, ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு, யூஎஸ்பி மட்டும் உள்ள பெடலை மிக்சரின் யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இரண்டுமே நடுவில் ஒரு கணினியை எதிர்பார்ப்பவை. ஐந்து முள் மிடி கேபிள் போடக்கூடிய பெடலாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

ஃபேடரையே எக்ஸ்பிரஷன் பெடலால் (காலால் முன்னும் பின்னும் சாய்க்கும் பெடல்) ஏற்றி இறக்க ஆசைப்பட்டால், பெடலின் அமைப்பில் 0–127 என்ற முழு வீச்சையும் கொடுக்காதீர்கள். 60-இலிருந்து 95 வரை என்பதுபோல அடக்கிவையுங்கள், கால் வழுக்கினாலும் காது தப்பும். கணினியிலிருந்து ஓஎஸ்சி (நெட்வொர்க்கில் மிக்சருக்குக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: எக்ஸ்ஆர்18, அதே பெஹ்ரிங்கரின் எக்ஸ்32 மிக்சர் இரண்டிலும் ஃபேடர் மதிப்பு 0 முதல் 1 வரை, 0 டெசிபல் இருப்பது 0.75-இல். முழுசாக 1 அனுப்பினால் 10 டெசிபல் ஏறிவிடும்.

பேக்கிங் ட்ராக் உள்ள பாட்டில் காலே வேண்டாம். ட்ராக் ஓடும் அதே மென்பொருளில் ஒரு மிடி ட்ராக் சேர்த்து, பல்லவி வரும் இடத்தில் மிக்சருக்கு எண்ணை அனுப்பச் சொல்லலாம். சரியாகத் தாளத்தின் மேல் வைக்காமல் அரை பீட் முன்னால் வையுங்கள், மிக்சர் மாறுவதற்கும் ஒரு கணம் ஆகும். பாடும்போது ட்ராக் கொஞ்சம் ஒதுங்க வேண்டுமா? ட்ராக் சேனலில் கம்ப்ரசர் (ஒலியைத் தானாக அடக்கும் வசதி) போட்டு, அதன் கீ சோர்ஸாக, அதாவது எதைக் கேட்டு அடக்க வேண்டும் என்பதற்கு, குரல் சேனலைக் கொடுங்கள். நீங்கள் வாய் திறந்தால் இரண்டு மூன்று டெசிபல் தணியும்படி வைத்தால் போதும், அதற்கு மேல் போனால் ட்ராக் மூச்சு வாங்குவது கேட்கும்.

குரலும் கிட்டாரும் லேப்டாப்புக்குள் போய்த் திரும்பும்படி இணைக்காதீர்கள். லேப்டாப் உறைந்துபோனாலும் மிக்சர் கடைசி நிலையிலேயே நிற்கும், பாட்டு நிற்காது. லேப்டாப்பிலிருந்து மிக்சருக்குக் கேபிள்தான். அரங்கு நிறைய போன்கள் வந்தபிறகு வைஃபையை நம்பி உட்கார முடியாது. டேப்லெட் சும்மா பார்ப்பதற்கு இருக்கட்டும்.

அப்புறம், பெடலின் இடது ஓரத்து பட்டன் ஒன்றை அவசரத்துக்கு ஒதுக்குங்கள்: ட்ராக் மியூட், டிலே இல்லை, ரிவர்ப் லேசாக. அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் குமிழ் ஒட்டியிருக்கிறேன், இருட்டில் கால் தானாகத் தேடிப்போகும். பழகும்போது மேடைக்குப் போடும் ஷூவையே போட்டுப் பழகுங்கள். நான் வெறுங்காலில் பழகிவிட்டுப் போய், ஒரே மிதியில் இரண்டு பட்டனை அழுத்தினேன்.